கோயில்காடு பதிவேட்டில் வெறும் புறம்போக்கு: 2023 வனச் சட்டத் திருத்தத்தை இனி எப்படி எதிர்ப்பது?

கேள்வி: வீரைமரத்தடி

அனைவருக்கும் வணக்கம். புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் இடையில் எங்கள் ஊர். கண்மாய்க்கு மேற்கே ஓர் அய்யனார் கோயில்காடு இருக்கிறது. பத்து ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். வீரை, பாலை, காசான், நாவல் என்று நெருங்கி வளர்ந்த மரங்கள். உச்சி வேளையிலும் உள்ளே வெயில் திட்டுத்திட்டாகத்தான் தரையில் விழும். புரவி எடுப்பின்போது கொண்டுவந்து நிறுத்திய மண்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. பழைய குதிரைகள் காலுடைந்து, கொடி மூடிக் கிடக்கின்றன. காய்ந்த சுள்ளியைக்கூட அங்கிருந்து எவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. சுற்றிலும் தைலமரக் காடாகிவிட்ட இந்தப் பகுதியில், அழுங்கும் மரநாயும் பழந்தின்னி வௌவாலும் ஒதுங்குவதற்கு மிஞ்சியிருக்கும் இடம் அது ஒன்றுதான்.

அண்மைக் காலமாகக் காட்டைச் சுற்றியுள்ள பட்டா நிலங்களைத் தரகர்கள் வளைத்து வாங்கி வருகிறார்கள். சூரிய மின் நிலையம் வரப்போவதாகப் பேச்சு. கோயில்காடு எந்தக் கணக்கில் இருக்கிறது என்று வருவாய்த் துறையின் ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டைப் பார்த்தால், வகைபாடு என்ற இடத்தில் வெறும் ‘புறம்போக்கு’ என்றிருக்கிறது. குறிப்புரைக் கட்டத்தில் ‘கோயில்’ என்ற சொல்கூட இல்லை. வனத்துறையிடம் கேட்டோம், தங்கள் பதிவேட்டில் அது காடு அல்ல என்று சொல்லிவிட்டார்கள்.

2023இல் நிறைவேறிய வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டத்தால் இத்தகைய காடுகளுக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது என்று படித்தேன். அது உண்மையா? நாடாளுமன்றத்தில் நிறைவேறி நடைமுறைக்கும் வந்துவிட்ட சட்டத்தை ஒரு சிற்றூர் இனி எதிர்ப்பதில் பொருள் உண்டா? உண்டென்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: சட்டவழி

உங்கள் அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு முற்றாகப் போய்விட்டது என்று இன்றைய நிலையில் சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் உங்கள் ஊர் வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் மிகச் சிறியது. வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டுமானால் ஒன்றிய அரசின் முன் அனுமதி தேவை என்பதே அதன் சாரம். ‘வனம்’ எது என்று அந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. நீலகிரி மாவட்டம் கூடலூரில் நடந்த மரவெட்டு தொடர்பாக 1995இல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் குறையைத் தீர்த்தது. அகராதிப் பொருளில் காடாக இருப்பது எதுவாயினும், அது யாருடைய உடைமையாக இருந்தாலும், சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் என்பது அந்தத் தீர்ப்பு. ‘கருதப்படும் வனம்’ என்று இன்று பேசப்படுவதன் தொடக்கம் அதுவே. உங்கள் கோயில்காடு அந்த வகையைச் சேர்ந்தது.

2023ஆம் ஆண்டுத் திருத்தம் கை வைத்தது இந்த இடத்தில். சட்டப்படி வனமென அறிவிக்கப்பட்ட நிலம், 1980 அக்டோபர் 25 அன்றோ அதற்குப் பின்னரோ அரசுப் பதிவேட்டில் வனமெனப் பதிவாகியிருக்கும் நிலம் ஆகிய இரண்டு மட்டுமே இனிச் சட்டத்துக்குள் வரும் என்று அது எல்லை வகுத்தது. அத்தோடு நிற்கவில்லை. பன்னாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் நாட்டுப் பாதுகாப்பு தொடர்பான சாலை போன்ற நீள்திட்டங்களுக்கு விலக்கு. பாதுகாப்புக் கட்டுமானங்களுக்கு 10 ஹெக்டேர் வரை விலக்கு. விலங்குக் காட்சிசாலை, சஃபாரி, சூழல் சுற்றுலா ஆகியவை வனப் பயன்பாடே என்று ஒரு புது விளக்கம். வடகிழக்கு மாநிலங்களை வரைபடத்தில் பாருங்கள். மிசோரம், திரிபுரா, சிக்கிம் போன்றவை ஏறத்தாழ முழுவதுமாக அந்த 100 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மிசோரம் சட்டமன்றம் 2023 ஆகஸ்டில் இதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியதற்குக் காரணம் அதுதான்.

எவ்வளவு பரப்பு இதனால் பாதிக்கப்படும் என்ற கேள்வி எழும். 2021ஆம் ஆண்டு இந்திய வன நிலை அறிக்கை, பதிவுபெற்ற வனப் பகுதிக்கு வெளியே 1,97,159 சதுர கிலோமீட்டர் வனப்போர்வை இருப்பதாகக் கணக்கிட்டது. நாட்டின் மொத்த வனப்போர்வையில் அது கால் பங்குக்கும் மேல். தோட்டங்களும் தோப்புகளும் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்பதால் அத்தனையும் காடு என்று வாதிட மாட்டேன். ஆனால் அதற்குள் எவ்வளவு இயற்கைக் காடு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமலேயே எல்லையைச் சுருக்கியது பெரும் பொறுப்பின்மை என்பது என் உறுதியான கருத்து.

அது நிறைவேறிய விதமும் கவலைக்குரியது. 2023 மார்ச்சில் அறிமுகமான மசோதா, சுற்றுச்சூழலுக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குச் செல்லவில்லை. தனியாக அமைக்கப்பட்ட கூட்டுக்குழுவுக்குப் போனது. உறுப்பினர்கள் சிலர் மாற்றுக் கருத்துக் குறிப்புகள் அளித்தபோதும், ஒரு திருத்தமும் இல்லாமல் குழு அதைத் திருப்பி அனுப்பியது. மணிப்பூர் தொடர்பான அமளிக்கு நடுவே ஜூலை 26 அன்று மக்களவையும், ஆகஸ்ட் 2 அன்று மாநிலங்களவையும் நிறைவேற்றின. 2023 டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது.

இனி நம்பிக்கைக்குரிய பகுதி. ஓய்வுபெற்ற வனப்பணி அதிகாரிகள் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. மாநிலங்கள் தங்கள் காடுகளைப் பட்டியலிட்டுத் தயாரிக்க வேண்டிய ஒருங்கிணைந்த வனப் பதிவேடு முடியும் வரை, 1996 தீர்ப்பின் அகராதிப் பொருளையே எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்கிறது அது. அதன்படி இன்று உங்கள் காட்டுக்கு ஒரு காப்பு உண்டு. ஆனால் அது தற்காலிகக் காப்பு. பதிவேடு முடிவாகும்போது உங்கள் காடு அதற்குள் இருந்தால் பிழைக்கும். விடுபட்டுவிட்டால் பிறகு மீட்பது மிகக் கடினம். ஆகவே சட்டத்தை எதிர்ப்பது என்பது உங்கள் ஊரைப் பொறுத்தவரை, அந்தப் பட்டியலில் காடு விடுபடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

பதில் 2: மேலூர் வட்டாரம்

சட்டவழி ஐயா எழுதியதோடு எங்கள் அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன். சட்டம் நிறைவேறிய பிறகு எதிர்ப்பதில் பொருள் உண்டா என்று கேட்டீர்கள். மதுரை மாவட்டம் மேலூர் அருகே உள்ள எங்கள் அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள்.

2023 ஆகஸ்டில் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் திருத்தப்பட்டு, முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிடப்பட்ட 24 கனிமங்களுக்கான சுரங்கங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் குவிந்தது. அந்தத் திருத்தம் வந்தபோது எங்கள் பக்கத்தில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, ஏறத்தாழ 2,015 ஹெக்டேர், ஒரு நிறுவனத்துக்கு ஏலத்தில் போய்விட்டது என்று செய்தி வந்த பிறகுதான், டெல்லியில் திருத்திய ஒரு வரி எங்கள் கண்மாய்க்கரை வரை வந்துவிட்டதை உணர்ந்தோம்.

அந்தத் தொகுதிக்குள் அரிட்டாபட்டியும் இருந்தது. 2022இலேயே தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தது. மாநிலத்தில் அந்த அறிவிப்பைப் பெற்ற முதல் இடம் அது. ஏழு குன்றுகள், தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரை, லகர் வல்லூறு வந்து தங்கும் பாறை முகடுகள் ஆகிய அத்தனையும் அதற்கு முன்பே பெயரோடும் படத்தோடும் ஆவணமாகியிருந்தன. இது எவ்வளவு பெரிய பலமாக இருந்தது என்பதைச் சொல்லி முடியாது. ‘அங்கே ஒன்றுமில்லை, வெறும் பாறை’ என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

நவம்பர் 23 அன்று நடந்த கிராம சபைகளில் ஊர் ஊராகத் தீர்மானம் போட்டோம். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஏலத்தை ரத்து செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு மக்கள் திரண்டு நடந்தார்கள். கடைகள் அடைத்திருந்தன, வயல்வேலையை விட்டுப் பெண்கள் பெருவாரியாக வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

ஆனால் ஏலம்தான் ரத்தானது, சட்டத் திருத்தம் அப்படியே இருக்கிறது. 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. சட்டமன்றமும் இல்லை, நாடாளுமன்றமும் இல்லை, ஒரு குறிப்பாணை! ஆகவே நாடாளுமன்றத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. விதிகள், குறிப்பாணைகள், அரசிதழ் அறிவிப்புகள் என்று சத்தமில்லாமல் வருபவற்றையும் ஊரில் நான்கு பேராவது தொடர்ந்து படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டெல்லியை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்ப முடியாது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் கூட்டத்தொடரின் கடைசி நாளில் விவாதமின்றி நிறைவேற்றிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்குள் அகப்படும் ஏரி, ஓடை, வாய்க்கால்களைத் திட்டத்தோடு சேர்த்துக்கொள்ள வழிசெய்கிறது. உங்கள் கோயில்காடு கண்மாயை ஒட்டியிருப்பதால் இதையும் கணக்கில் வையுங்கள்.

பதில் 3: கூடலூர் மலைச்சரிவு

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் என் தயக்கத்தைப் பதிவு செய்கிறேன். 1996 தீர்ப்புக்குக் காரணமான வழக்கு பிறந்த மண்ணிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஜன்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழித்த சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் உட்படப் பல ஆயிரம் பேர் பட்டாவின்றி வாழ்கிறார்கள். ‘வனம்’ என்ற ஒரு சொல் பதிவேட்டில் ஏறிவிட்டால் வீட்டுக்கு மின் இணைப்புப் பெறுவதே போராட்டமாகிவிடும் என்பதை நாங்கள் வாழ்ந்து பார்த்திருக்கிறோம். சிறு உடைமையாளர்களின் இந்த அச்சத்தைத்தான் ஒன்றிய அரசு திருத்தத்துக்கான நியாயங்களுள் ஒன்றாக எடுத்துக்கொண்டது.

திருத்தத்தை நானும் ஆதரிக்கவில்லை. எங்கள் துயரத்தைக் காட்டிக் கொண்டுவந்த திருத்தம் எங்களுக்கு ஒரு பட்டாவையும் தரவில்லை. பெரிய திட்டங்களுக்குத்தான் வாசலைத் திறந்தது. ஆனால் காடுகளைப் பட்டியலிடுங்கள் என்று கோரும் எவரும், அந்தப் பட்டியல் கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டும் என்றும், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி மக்களின் உரிமைகள் முதலில் தீர்க்கப்பட வேண்டும் என்றும் சேர்த்தே கோர வேண்டும். ஒடிசாவில் நியமகிரி மலையைக் காப்பாற்றியது அந்தச் சட்டம்தான்: 2013இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி கூடிய 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. மக்களை வெளியே நிறுத்திவிட்டுக் காட்டை மட்டும் காக்கும் வழி எனக்கு ஏற்புடையதல்ல.

கேள்வி கேட்டவர்: வீரைமரத்தடி

மூவருக்கும் நன்றி. கூடலூர் நண்பரின் கவலை நியாயமானது. எங்கள் இடத்தில் குடியிருப்போ சாகுபடியோ கிடையாது, முழுவதும் ஊர்ப் பொது நிலம். ஆடு மேய்ப்பவர்களுக்கு ஓரத்தில் வழித்தடம் உண்டு. அது பறிபோகாமல் இருக்க வேண்டும் என்பதையும் ஊரில் பேசிவிட்டோம். என் மனத்தில் உள்ள ஐயம் இதுதான்: பத்து ஏக்கர் என்பது மிகச் சிறிய பரப்பு என்று சொல்லி ஒதுக்கிவிட மாட்டார்களா? பட்டியலில் சேர்க்கக் கோருவதற்கு எந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும்?

பதில் 4: பழைய பதிவேடு

வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் பரப்பு. உங்கள் ஐயம் வெறும் கற்பனையல்ல. ஹரியானா அரசு 2025 ஆகஸ்டில் அகராதிப் பொருளிலான காட்டுக்கு ஓர் அளவுகோலை அறிவித்தது: தனித்திருக்கும் இடமானால் குறைந்தது 5 ஹெக்டேர், மரக்கவிகை, அதாவது கிளையும் இலையும் தரையை மூடும் அளவு, 40 விழுக்காடு. அந்த அளவுகோலை இங்கே வைத்தால், 4 ஹெக்டேரைச் சற்றே தாண்டும் உங்கள் காடு, கவிகை எவ்வளவு அடர்ந்திருந்தாலும், காடே இல்லை என்றாகிவிடும். நம் மாநிலத்தின் கோயில்காடுகளில் பல இதைவிடவும் சிறியவை. தமிழ்நாட்டில் இப்படியொரு அளவுகோல் வந்துவிடக் கூடாது என்பதை உங்கள் தீர்மானத்தில் தனிக் கோரிக்கையாகவே எழுதுங்கள்.

அதற்கு எதிரான முன்னுதாரணம் கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே காசம்பட்டியில் உள்ள வீர கோயில்காட்டை 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அதன் பரப்பு 4.97 ஹெக்டேர் மட்டுமே. 5 ஹெக்டேருக்குக் குறைந்த கோயில்காட்டுக்கு நம் அரசே அந்தத் தகுதியை வழங்கியிருக்கும்போது, உங்களுடையதைச் சிறியது என்று ஒதுக்க முடியாது. 2024 டிசம்பர் 18 அன்று ராஜஸ்தானின் புனிதக் காடுகள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையும் இணையுங்கள். அவற்றைத் தரையிலும் செயற்கைக்கோள் படத்திலும் அளந்து வரைபடமாக்கவும், பரப்பைப் பார்க்காமல் அவற்றின் பண்பாட்டு, சூழலியல் மதிப்பைக் கொண்டு வனமென அடையாளம் காணவும் அது உத்தரவிட்டது.

இனி பதிவேடு. இன்றைய அ-பதிவேட்டில் புறம்போக்கு என்றிருப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல ஊர்களில் பழைய வகைபாடுகள் சுருக்கப்பட்டன; ‘கோயில் காடு’, ‘கோயில் தோப்பு’ என்றிருந்தவை வெறும் புறம்போக்காக ஆனதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே அத்திட்டத்துக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் மாவட்டம் 1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்ததால் அக்காலத்து ஆவணங்களையும் தேட வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. 1980 அக்டோபர் 25 அன்று அரசுப் பதிவேட்டில் காடு என்றிருந்தால் போதும் என்று திருத்தச் சட்டமே சொல்கிறது. அந்தத் தேதியில் உங்கள் ஊரில் நடைமுறையிலிருந்த பதிவேடு பழையதுதான் என்று நிறுவ முடிந்தால், எந்தச் சட்டம் உங்களை வெளியே தள்ளுவதாக அஞ்சுகிறீர்களோ அதே சட்டத்தின் சொற்களைக் கொண்டே காட்டை உள்ளே கொண்டுவர வாதிடலாம்.

அடுத்தது பல்லுயிர்ச் சட்டம். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைப் பராமரிக்க வேண்டும். பல ஊராட்சிகளில் அது பெயரளவில் நிரப்பிய ஏடாக இருக்கும். உங்கள் ஊர்ப் பெரியவர்களை உடன் வைத்துக்கொண்டு காட்டுக்குள் சென்று, ஒவ்வொரு மரத்தையும் ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். எந்த மாதம் பூக்கிறது, எந்தப் பறவை அதில் கூடு வைக்கிறது, எந்த நோய்க்கு எந்தப் பட்டை என்பதையும் சேருங்கள். கல்லூரித் தாவரவியல் துறையினர் எவரையேனும் அழைத்து அறிவியல் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டால் நீதிமன்றத்திலும் அது நிற்கும்.

கிராம சபையில் ‘இயற்கையைக் காக்க வேண்டும்’ என்ற பொதுத் தீர்மானம் போட்டால் அது கோப்பிலேயே தங்கிவிடும். புல எண், பரப்பு, நான்கெல்லை, ஆட்டு வழித்தடம், உள்ளிருக்கும் மரங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஒருங்கிணைந்த வனப் பதிவேட்டுக்கான வல்லுநர் குழு இதைச் சேர்க்க வேண்டும் என்றும், பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க மாநிலப் பல்லுயிர் வாரியம் பரிந்துரைக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறியதைக் கூட்டம் கலைவதற்கு முன்பே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நகலை ஆட்சியருக்கும், மாவட்ட வன அலுவலருக்கும், உங்கள் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், வல்லுநர் குழு அமைக்கப்பட்டுவிட்டதா, அதன் வரைவுப் பட்டியலில் உங்கள் புல எண் இருக்கிறதா என்று மாவட்ட வன அலுவலகத்திடம் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ‘இல்லை’ என்று வந்தால் அந்தப் பதிலும் வழக்குக்கு உதவும் ஆவணம்தான்.

பழைய பதிவேட்டின் நகலும் புலப்பட வரைபடமும் கிடைத்ததும் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே பதியுங்கள். பழைய புல எண்ணுக்கும் புதிய உட்பிரிவு எண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பிடிப்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். அதைச் சரிபார்த்துத் தருகிறேன்.